நின்று கேட்கும் காற்று

— பெட்டியக் குடுத்திரு தாயி. நான் மரியாதையா வந்து கேக்கேன். பயலுவ வந்தா கேக்க மாட்டானுவ, தூக்கிருவானுவ.

— எந்தப் பெட்டிய, தண்டலய்யா? துணிப்பெட்டியா, கருப்பட்டிப் பெட்டியா?

— விளையாடாத. பாட்டுப்பெட்டியத்தான் கேக்கேன். நாலு நாளா பாய் செத்த கோழி கணக்கா தொங்குது. கொழும்புல தோணிய எடுக்கையில என்ன காத்து! இந்நேரம் நான் தூத்துக்குடியில எறங்கி, பனிமய மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திட்டு, வீட்டுல மீன் கொழம்பு தின்னுட்டு ஒறங்கியிருக்கணும். நடுக்கடல்ல நட்டுவச்ச மரம் மாதிரி நிக்கோம்.

— காத்து இல்லாததுக்கு என் பெட்டி என்ன செய்யும்?

— முதல் பிளேட்டு எப்பப் போட்ட?

— கிளம்பின அன்னைக்கு சாயந்திரம்.

— காத்து எப்ப விழுந்துச்சு?

— அன்னைக்கு சாயந்திரந்தான். பொழுதும் அன்னைக்கு சாயந்திரந்தான் விழுந்துச்சு. அதுவும் என் பெட்டியாலயா?

— வாய் மட்டும் உடன்குடி வாய். நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னேன். "காத்துக்குக் காது உண்டு தாயி, பாத்துப் போடு, நின்னு கேக்க ஆரம்பிச்சிரும்"னு.

— சொன்னிய.

— சொன்ன பொறவு நிறுத்துவன்னு பாத்தேன். அதுக்குப் பொறவுதான் விடாம ஓட்டுத. காலையில ஓட்டுத, மத்தியானம் ஓட்டுத. கைவலி எடுக்கலயா உனக்கு, சாவி குடுத்துக் குடுத்து?

— வேற என்ன வேலை எனக்கு இங்கன? வீட்டுக்காரரு தலையத் தூக்க மாட்டாம கிடக்காரு. கடலத்தான் எத்தன நேரம் பாக்கது?

— தாயி, நான் கடல் மேல பொய் சொல்ல மாட்டேன். எங்கப்பாவும் இதே தோணிய ஓட்டின தண்டல். காத்து வேணும்னா உதட்டக் குவிச்சு லேசா ஒரு சீட்டி. கூப்பிட்டா வரும். வந்துட்டா வாயப் பொத்திக்கிடணும். மேல மேல அடிச்சா நடக்கத மறந்து நின்னுரும்.

— உங்க ஆளுவ பாய் ஏத்தையில தொண்ட கிழியப் பாடுதாங்க. அப்ப நிக்கலயே காத்து?

— அது அம்பாப் பாட்டு. வார்த்த உள்ளது. வார்த்த மனுசனுக்கு. காத்துக்கு வார்த்த தெரியுமா? உன் பெட்டியில ஒரு வார்த்த கூட இல்ல. நானும் நாலு நாளா காதக் குடுத்துப் பாத்துட்டேன், ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டேங்கான். நாயனம், பிடிலு, என்னமோ டங்கு டங்குங்குது. வார்த்த இல்லாத பாட்டுதான் காத்துக்குச் சொந்த பாஷை. அதான் சொக்கிப்போயி நிக்கி.

— அப்ப காத்துக்கும் எனக்கும் ஒரே ருசின்னு சொல்லுங்க.

— சிரிக்காத. தண்ணிப் பீப்பாவுல அகப்ப தட்டுது. முன்னால அணியத்துல ஒரு பிள்ளக்காரி இருக்கா பாத்தியா? அவளுக்குப் பாலு வத்திப்போச்சு. பயலுவ பொறுக்க மாட்டானுவ. பெட்டி கடலுக்குப் போனா காத்து வரும்னு சத்தியம் பண்ணுதானுவ. அந்திக்குள்ள முடிவு சொல்லு.

— முடிவு நான் சொல்லணுமா, நீங்க எடுத்துட்டு வந்தியளா?

— நான் தண்டல், கொள்ளக்காரன் இல்ல. நீயா கையில குடுக்கணும். பறிச்சுப் போட்ட பொருளக் கடல் ஏத்துக்கிடாது.

*

— ஏளா மாடத்தி, தண்டலு என்னத்தச் சொல்லிட்டுப் போறாரு? அந்த எலுமிச்சங்காய எடு, கொமட்டுது.

— இந்தாங்க. பெட்டியக் கடல்ல போடணுமாம். காத்து நின்னு கேக்காம்.

— குடுத்திரேன்.

— இம்புட்டு லேசா சொல்லிட்டிய.

— பெறகு? குண்டுக்குத் தப்பி ஓடியாந்தவன் தண்ணி இல்லாமச் சாகணுமா? கடையே போச்சு, பெட்டி என்ன பெட்டி. தல சுத்துது, என்கிட்ட வழக்குப் பேசாத.

— நீங்கதான வாங்கிக்கிட்டு வந்திய.

— நான் தையல் மிஷினுன்னு நெனச்சு வாங்கினேன்! வெள்ளக்காரன் ஊருக்குப் போகையில ஏலத்துல விட்டான். மூடிக் கிடந்துச்சு, கைப்பிடி இருந்துச்சு. பொம்பள தனியா கிடக்காளே, ரெண்டு ரவிக்க தச்சா பொழுது போகுமேன்னு எடுத்தேன். தொறந்து பாத்தா தட்டு தட்டா கருப்பு ரொட்டி. புறக்கோட்டைக் கடைத்தெரு முழுக்கச் சிரிச்சான்.

— தையல் மிஷினா இருந்திருந்தா நான் என்னைக்கோ செத்திருப்பேன்.

— என்ன பேச்சு பேசுத? நான் என்ன உன்னைச் சித்திரவதையா பண்ணினேன்? நல்ல சோறு, நல்ல துணி. மாடியில காத்தோட்டமான அறை.

— வெளியில பூட்டு.

— ஊரு கெட்டுக் கிடந்துச்சு. துறைமுகத்துக்காரன், பட்டாளத்துக்காரன், குடிச்சிட்டு வாரவன். கடைக்கு எறங்கினா நான் திரும்பி வர ராத்திரி ஆவுது. பூட்டாம எப்படிப் போவேன்? உன் நல்லதுக்குத்தான.

— குண்டு போட்ட அன்னைக்கும் என் நல்லதுக்குத்தான் பூட்டிட்டுப் போனிய.

— அது... எனக்கு என்ன சோசியமா தெரியும், அன்னைக்கு சப்பான்காரன் வருவான்னு?

— கதவ இடிச்சேன். கை வீங்குற வரைக்கும் இடிச்சேன். தெருவுல ஒரு குஞ்சு இல்ல, எல்லாம் ஓடிட்டு. சன்னலு ஆடுது, ஓடு சரியுது. பெட்டியத் தொறந்து நாயனப் பிளேட்டப் போட்டேன். கேட்டியளா? அது முடியுற வரைக்கும் குண்டு என்மேல விழாதுன்னு ஒரு நெனப்பு. முடியும், புரட்டுவேன். முடியும், புரட்டுவேன். நீங்க வந்து பூட்டத் திறக்கையிலயும் நான் புரட்டிக்கிட்டுத்தான் இருந்தேன்.

— நான் ஓட்டமா ஓடியாந்தேன் மாடத்தி. செருப்பு ரெண்டும் எங்கன போச்சுன்னே தெரியாது. நீ என்னத் திரும்பிக் கூடப் பாக்கல.

— பாத்திருந்தா பிளேட்டு முடிஞ்சிருக்கும்.

— சரி. விடு. போனது போவட்டும். எறங்கினதும் அண்ணாச்சி வண்டி அனுப்பியிருப்பாரு. நேரா உடன்குடி.

— எத்தன நாளைக்கு?

— நாளு என்ன நாளு? அதானே நம்ம வீடு. மைனி போனதுலேருந்து அங்கன அடுப்பெரிக்க ஆளில்ல. அண்ணாச்சிக்கு வயசாச்சு, தாயில்லாப் பிள்ளைய வேற. நீதான் எல்லாம் பாக்கணும்.

— நீங்க?

— சண்ட அடங்கவும் நான் கொழும்புக்குப் போயி கடையத் தெறக்கணும்.

— என்னைக் கூட்டிக்கிட்டா?

— உன்னை எதுக்கு? இனிமே பொம்பளைகளுக்கு அங்கன என்ன சோலி. நீ அங்கனயே இரு. அடுக்களைக்குப் பின்னால சின்ன அறை ஒண்ணு இருக்குல்லா, கருப்பட்டி அடுக்குவாவளே, அத ஒழிச்சித் தருவாரு.

— அங்கன பெட்டிய வச்சுக்கிடலாமா?

— ஏளா, உனக்குப் பித்தா? அண்ணாச்சிக்குச் சத்தம் ஆகாது. பிள்ளைய சிரிச்சாலே செருமுவாரு. நாயனம் கல்யாண வீட்டுல கேக்கணும், இல்ல கோயில் கொடையில கேக்கணும். அடுக்களையில நாயனம் கேட்டா ஊரு என்ன சொல்லும்? அண்ணாச்சி என்ன சொல்லுவாரு?

— துணியப் போட்டு மூடி, மெதுவா...

— மாடத்தி.

— அங்கனயும் வெளியில பூட்டுவியளா?

— சே, சே. அங்கன எதுக்குப் பூட்டு? வாசல்ல அண்ணாச்சி இருப்பாரு.

— எறங்கினாத்தானே.

— என்ன சொன்ன?

— ஒண்ணுமில்ல. எலுமிச்சங்காய மோந்து பாருங்கன்னேன்.

*

— வந்துட்டேன் தாயி. பொழுது எறங்குது. என்ன முடிவு?

— உங்க பயலுவ எங்க?

— அணியத்துல செபமாலை சொல்லுதானுவ. காத்துக்காக.

— அப்ப செத்த நேரம் ஆவும். ஒரே ஒரு பிளேட்டு கேளுங்க தண்டலய்யா. கேட்டுட்டு, பொறவு கடல்ல போடணும்னா போடுங்க.

— மாதாவே! என்னையும் கூட்டுச் சேக்கப் பாக்கியா?

— தூக்குல தொங்கப்போறவன்கிட்டக் கூட கடைசியா என்ன வேணும்னு கேப்பாங்க.

— பயலுவ காதுல விழுந்தா முதல்ல என்னத்தான் கடல்ல போடுவானுவ.

— விழாது. ஊசி என்னைக்கோ தீந்துட்டு. சண்டைக்காலத்துல ஊசிக்கு எங்க போவேன்? நாரத்த முள்ளச் சீவி வச்சு ஓட்டுதேன். முள்ளு இரும்பு மாதிரிக் கத்தாது, காதோட காதா பேசும். மேல சேலையப் போட்டு மூடுதேன். இப்படிக் கிட்ட வந்து குத்தவைங்க. இன்னும் கிட்ட. காதப் பெட்டி மூடிப் பக்கத்துல வைங்க.

— என் வயசுக்கு இதெல்லாம் தேவையா... ஓடுதா?

— ஓடுது. கேக்கா?

— கேக்கு. பாத்திரக் கடையில பூனை பூந்த மாதிரி இருக்கு.

— எனக்கும் ஒரு வருசம் அப்படித்தான் இருந்துச்சு. இதுக்குப் பேரு பியானா. வாசிக்கது ஒரே ஆளு, ரெண்டு கை. ஒரு கை மேல ஓடுது, ஒரு கை கீழ நிக்கி. எல்லாரும் மேல மினுக்குததத்தான் கேப்பாங்க. நான் ஒரு மழைக்காலம் முழுக்க கீழ உள்ளத மட்டும் கேட்டேன். மேல உள்ளது என்ன ஆட்டம் ஆடினாலும் திரும்பிப் பாக்கல.

— யாரு சொல்லிக் குடுத்தா?

— பூட்டின வீட்டுக்குள்ள யாரு வருவா? அலுத்துப்போயி நானா கண்டுபிடிச்சது. எனக்கு ராகம் தெரியாது, தாளம் தெரியாது. பிளேட்டுல என்ன எழுதியிருக்குன்னும் தெரியாது. நானா பேரு வச்சிருக்கேன். இது "கதவத் தட்டுதவன்." அந்தப் பிடிலுக்கு "எண்ணெ கொதிக்கது." வீணை ஒண்ணு இருக்கு, "கொடியில கிடக்க ஈரத்துணி."

— வீணைக்கு ஈரத்துணியா?

— சொட்டும். நிக்கும். முடிஞ்சிட்டுன்னு நெனைப்போம், இன்னொண்ணு சொட்டும். கேட்டா உங்களுக்கும் தெரியும்.

— எனக்குக் கீழ ஒண்ணும் கேக்கலயே தாயி. எல்லாம் ஒரே சலசலப்பா இருக்கு.

— முத்துக்குளிப்புல கயிறு பிடிச்சு நின்னேன்னு சொன்னியல்லா?

— ஆமா. என் தம்பி முங்குவான், நான் மேல வள்ளத்துல நின்னு கயிறு பிடிப்பேன்.

— அவரு கீழ என்ன செய்யுதாருன்னு மேலருந்து எப்படித் தெரியும்?

— கண்ணுக்கு எங்க தெரியும், தண்ணிதான் தெரியும். கையில தெரியும். கயிறு லேசா பேசும்.

— அப்படிக் கேளுங்க. காத விடுங்க. கயிறு பிடிச்சிருக்கேன்னு நெனச்சுக்கோங்க.

— என்னத்த... இரு. பேசாத.

— என்ன?

— பேசாதங்கேன். இருக்கான். ஆமா தாயி, கீழ ஒருத்தன் இருக்கான். நடக்கான். நிக்கான். குனிஞ்சு பொறுக்குதான். மேல இம்புட்டு ஆர்ப்பாட்டம் நடக்கு, அவன் பாட்டுக்கு அவன் சோலியப் பாக்கான்.

— பாத்தியளா!

— ஏன் மேல வரமாட்டேங்கான்? ரொம்ப நேரமாச்சே. மூச்சு முட்டும்லா?

— வருவான். இப்ப ஒரு தடவ "வாரேன் வாரேன்"னு சொல்லுவான். வரமாட்டான், திரும்பக் கீழ போயிருவான். அங்கன நான் தெனமும் பெட்டிய இறுக்கிப் பிடிச்சுக்கிடுவேன். அடுத்த சுத்துல வருவான்.

— போயிட்டான் தாயி. திரும்பப் போயிட்டான். சேசுவே, கயிற ஆட்டுடா...

— பொறுங்க.

— ...வந்துட்டான்.

— வந்துட்டானா?

— வந்துட்டான். மேல உள்ளவனோட சேந்துட்டான். இப்ப எது யாருன்னே தெரியல. மாதாவே. என்ன தாயி, நின்னுட்டு?

— ஒரு பக்கம் அம்புட்டுத்தான்.

— புரட்டு.

— பெட்டியக் கேட்டுல்லா வந்திய?

— புரட்டுங்கேன். செபமாலை இன்னும் முடியல.

— கண்ணத் தொடச்சுக்கோங்க, முதல்ல.

— தோளுல கிடக்க லேஞ்சித் துணி நனைஞ்சு கிடக்கு. உப்புத்தண்ணி தெறிச்சிட்டு, வேற ஒண்ணுமில்ல.

— காத்தே இல்லாத கடல்ல தண்ணி எங்கருந்து தெறிச்சுது? சரி, சரி, முறைக்காதீங்க. இத வைக்கேன். இது நம்ம நாயனம். குண்டு போட்ட அன்னைக்கு ஓடினது. ஒரு பக்கம் நம்ம மெட்டு, கோயில்ல கேக்க மாதிரி. புரட்டிப் போட்டா அதே நாயனக்காரரு பேண்டுக்காரன் மெட்டு வாசிக்காரு. இங்கிலீஷ் நோட்டு.

— கேக்கு. ஏ... இது பட்டாளத்தான் நடக்க மாதிரில்லா இருக்கு! ஆனா பட்டாளத்தான் இல்ல.

— அதான் விசயம். நம்மூருக்காரரு கால்சராய மாட்டிக்கிட்டு வெள்ளக்காரன் தெருவுல நடக்காரு. விறைப்பாத்தான் காலத் தூக்குதாரு. வைக்கையில பாருங்க, நம்ம நடை. அங்கன ஒரு வளைவு வருதுல்லா? வெள்ளக்காரன் அத நேரா வெட்டிட்டுப் போயிருவான். இவருக்கு மனசு கேக்கல, குழைச்சிட்டாரு.

— அவருக்கு அடக்கிட்டுப் போகத் தெரியல.

— அடக்கிட்டுப் போகலைன்னு சொல்லுங்க. பூட்டின அறைக்குள்ள இதக் கேக்கையில நானும் கூடவே நடப்பேன். எந்த ஊருன்னு தெரியாது, பேரு தெரியாது. ரெண்டு பக்கமும் மரம். என்னை யாருன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. முடிஞ்சதும் திரும்ப அறை. புரட்டினா திரும்ப ரோடு.

— தாயி, ஒண்ணு கேக்கேன். இம்புட்டுப் பிரியம் உள்ளவ, நான் காத்தப் பத்திச் சொன்னதும் ரெண்டு நாளைக்கு மூடி வச்சிருந்தா என்ன? கரையில எறங்கி ஆற அமரக் கேட்டிருக்கலாம்லா. இப்படிப் பயலுவ கண்ணுல பட்டு, பறிகுடுக்க நெலமைக்கு ஏன் வச்சுக்கிட்ட?

— கரையில கேக்க முடியாது.

— ஏன்?

— முடியாது, அம்புட்டுத்தான். செபமாலை முடிஞ்சிட்டு போலுக்கு. பெட்டிய எடுத்துட்டுப் போறியளா?

— நாளைக்குப் பாக்கலாம். பயலுவகிட்ட விடியட்டும்னு சொல்லிக்கிடுதேன். நீ மூடி வையி. சத்தம் வரப்படாது, கேட்டியா?

— கேட்டேன்.

*

— தண்டலய்யா. இந்தாங்க.

— யாரது, இப்பத்தான் கிழக்க வெளுக்கு... நீயா தாயி? என்னது இது?

— பெட்டி. பிளேட்டு எல்லாம் உள்ளதான் இருக்கு.

— நேத்துதான பயலுவகிட்ட தவணை வாங்கினேன். அதுக்குள்ள என்ன வந்துச்சு?

— அந்தப் பிள்ள அழுகய நிறுத்திட்டு.

— நல்லதுதான? ஒறங்குதோ என்னமோ.

— ஒறங்கல. நான் போயிப் பாத்தேன். கண்ணத் தொறந்துக்கிட்டுக் கிடக்கு. அழுகதுக்கு நாக்குல ஈரம் இல்ல. என் பங்குத் தண்ணிய துணியில நனச்சு வாயில வச்சேன், சப்பத் தெம்பு இல்ல. எடுத்துக்கோங்க.

— "காத்து இல்லாததுக்கு என் பெட்டி என்ன செய்யும்"னு நீதான கேட்ட?

— எடுத்துக்கோங்கன்னா எடுத்துக்கோங்க.

— பொறு தாயி. கடைசியா ஒரு தடவ போட்டுக் கேளேன். நானே காவலுக்கு நிக்கேன்.

— வேண்டாம். கேட்டா குடுக்க மாட்டேன். சீக்கிரம் போடுங்க. அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இருப்பேன்?

— நீ என்ன பாவம் பண்ணின? கடல் நின்னா யாரு குத்தம்?

— போடுங்க தண்டலய்யா. எனக்குச் சத்தம் கேக்கப்படாது. நான் அந்தப் பக்கம் போயிருதேன்.

*

— மாடத்தி! ஏளா மாடத்தி! எந்திரி, இங்கன வந்து பாரு. கோயில் கோபுரம் தெரியுது! பாய் எப்படிப் பொடைச்சு நிக்கி பாத்தியா? மழையும் காத்தும் சேந்துல்லா வந்திருக்கு. எனக்குத் தல சுத்தல் கூட நின்னுட்டு.

— ம்.

— மூட்டையெல்லாம் கட்டு. அண்ணாச்சி வண்டி நிக்கும். எறங்கையில தலைய மூடிக்கோ, அண்ணாச்சியே வந்தாலும் வந்திருப்பாரு. பெட்டி போச்சேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காத, அவரு ஏதும் கேட்டாருன்னா நான் என்ன சொல்ல? நான் அந்தப் பக்கம் போயிப் பாக்கேன். ஆகா, என்ன காத்து!

— போங்க.

— தாயி... உன் வீட்டுக்காரரு போயிட்டாரா?

— போயிட்டாரு. வாங்க தண்டலய்யா. பிள்ள எப்படி இருக்கு?

— அதுக்கு என்ன, மழைத்தண்ணியக் குடிச்சிட்டு தொண்ட கிழியக் கத்துது. பீப்பா வழியுது. இத்தன மழைய இந்த மாசத்துல நான் பாத்ததில்ல. நீ இந்தக் கோரப்பாயத் தூக்கு. அடியில என்ன இருக்கு பாரு.

— தண்டலய்யா!

— சத்தம் போடாத. பயலுவளுக்குத் தெரியாது. அடியில பாரத்துக்குப் போட்டிருக்க கல்லு ஒண்ண எடுத்து, சாக்குல சுத்தி, அவனுவ முன்னால போட்டேன். தொபுக்குன்னு விழுந்துச்சு. குருசு போட்டுக்கிட்டானுவ. மத்தியானம் தெக்கேருந்து காத்து கெளம்பிட்டு.

— ஏன் இப்படிப் பண்ணினிய?

— நான் கயிறு பிடிச்சு நின்னவன் தாயி. கீழ ஒருத்தன் இருக்கான்னு கையில தெரிஞ்ச பொறவு கயிற எப்படி விடுதது? காத்துக்குச் சத்தந்தான் கணக்கு. பெட்டி மூடிக் கிடந்தாப் போதும்.

— அந்தப் பெட்டிய நான் இனிமே பாக்க மாட்டேன்னு நெனச்சேன்.

— இந்தா, துணியப் போட்டு மூடி அந்தக் கதவத் தட்டுதவன ஒரு தடவ வையி. கரை வாரதுக்குள்ள கேட்டுருவோம். ஏன் பாத்துக்கிட்டே இருக்க?

— பீப்பா நெறஞ்சிட்டுன்னா சொன்னிய?

— வழியுது.

— அரிசி?

— அரிசி கிடக்கு. எதுக்குக் கேக்க?

— அப்ப இன்னும் நாலஞ்சு நாளு கடல்ல கிடந்தாலும் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது.

— ஆகாதுதான். எதுக்குக் கிடக்கணும்? அந்தா பாரு, வண்டி கூட வந்து நிக்கி. உங்க ஆளுவளாத்தான் இருக்கும்.

— தண்டலய்யா, இப்ப இதப் போட்டா காத்து நிக்குமா?

— சே, இனிமே நிக்காது தாயி. தெக்கத்திச் சோழகக் காத்து கட்டிப் பிடிச்சிட்டு, இனி பொழுது சாய்ஞ்சாலும் விழாது. பயலுவ கூட ஒண்ணும் சொல்ல மாட்டானுவ. பயப்படாமப் போடு.

— நிக்காது, எறங்கித்தான் ஆவணும்னா எனக்கு எதுக்கு இது? கடல்லயே போட்டுருங்க.